வெள்ளியே இல்லாத 'வெள்ளிக் கோயில்': கியோட்டோ போனால் எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

ஜப்பானின் கியோட்டோ நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் சிலர் கோயில் மாறிப் போய் இறங்கிவிடுகிறார்கள். காரணம், பெயர். ஊரின் வடமேற்கில் ஒரு கிங்காகுஜி, கிழக்கு மலையடிவாரத்தில் இன்னொரு கிங்காகுஜி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான்! சொல்லும்போதுதான் வித்தியாசம். 'கிச்சன்' என்பதில் வரும் 'கி' போட்டுச் சொன்னால் தங்கக் கோயில். 'கிஃப்ட்' என்பதில் வரும் 'கி' போட்டுச் சொன்னால் வெள்ளிக் கோயில். இதில் இன்னொரு சிக்கல், 204ஆம் எண் நகரப் பேருந்து இரண்டு நிறுத்தங்களிலும் நிற்கும். அதனால் ஏறும் முன் மேப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நாம் இங்கே பார்க்கப் போவது கிழக்கே இருக்கும் வெள்ளிக் கோயில்.

வெள்ளி எங்கே?

உள்ளே போய் நின்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். குளத்தங்கரையில் இருப்பது இரண்டு மாடி மரக்கட்டடம், கருத்துப்போன பழுப்பு நிறம். மினுமினுப்பு எதுவும் கிடையாது. இதற்கு வெள்ளித் தகடு போர்த்தப்பட்டதே இல்லை. 2007இல் நடந்த ஆய்விலும் வெள்ளியின் தடயம் கிடைக்கவில்லை. 'வெள்ளி' என்ற பெயரே பிற்காலத்தில், தங்கக் கோயிலுக்கு ஜோடியாக வந்து ஒட்டிக்கொண்டதுதான். அதிகாரப்பூர்வப் பெயர் ஜிஷோஜி.

ஆனால் ஒரு விஷயம். தங்கக் கோயிலின் பொன் மண்டபம் 1950இல் தீக்கிரையாகி, 1955இல் திரும்பக் கட்டப்பட்டது. வெள்ளி மண்டபமோ பழுதுபார்ப்புகளோடு 15ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்கிறது.

ஊர் எரிந்தபோது தோட்டம் போட்டவர்

இதைக் கட்டியவர் அஷிகாகா யோஷிமாசா, நாட்டின் ராணுவ ஆட்சியாளரான ஷோகுன். தங்கக் கோயிலைக் கட்டிய யோஷிமிட்சு இவருடைய தாத்தா. யோஷிமாசாவுக்கு அடுத்து யார் என்ற வாரிசுச் சண்டையும் சேர்ந்துதான் 1467இல் ஓனின் போர் மூண்டது. 1477 வரை நீடித்த அந்தப் போரில் கியோட்டோவின் பெரும்பகுதி சாம்பலானது. ஊர் எழுந்து நிற்பதற்குள், 1482இல், மக்களிடம் வரியும் உழைப்பும் வாங்கி இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். ஆட்சியாளராகப் பார்த்தால் இவரை மெச்சுவது கஷ்டம்தான். 1490இல் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. அவர் விருப்பப்படி மாளிகை ஜென் பௌத்தக் கோயிலாக மாறியது.

ஆனால் அவருடைய ரசனை ஜப்பானையே மாற்றிவிட்டது. 1486இல் கட்டிய தோகுதோ என்ற கூடத்துக்குள் நாலரைப் பாய் அளவில் ஒரு குட்டி அறை இருக்கிறது. பிற்கால ஜப்பானியத் தேநீர் அறைகளுக்கும் வீட்டு வரவேற்பறைகளுக்கும் இதுதான் முன்மாதிரி என்கிறார்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் சிறப்புத் திறப்பின்போது மட்டுமே உள்ளே பார்க்க முடியும். மற்ற நாட்களில் வெளியிலிருந்துதான்.

சரி, ஜென் என்றதும் நமக்கு '7ஆம் அறிவு' ஞாபகம் வரும். காஞ்சிபுரத்திலிருந்து சீனா போனதாகத் தமிழ்நாட்டில் நம்பப்படும் போதிதர்மரைத்தான் ஜென் மரபு தன் முதல் குருவாகக் கொண்டாடுகிறது. 'தியானம்' என்ற சொல்தான் சீனம் வழியே போய் 'ஜென்' ஆனது.

மணலும் பாசியும்

நுழைந்ததும் உயரமான வேலிக்கு நடுவே ஒரு நீண்ட பாதை. கல், மூங்கில், மேலே கேமெலியா செடி என அடுக்கிய வேலி. வெளி உலகத்தை மறைத்துவிட்டு உள்ளே அனுப்பும். வளைந்து திரும்பினால் சட்டென்று வெள்ளை மணல் வெளி. வரிவரியாகக் கோதிவிட்ட மணல் ஒருபக்கம், ஆள் உயரத்துக்குத் தலை வெட்டிய கூம்பு ஒருபக்கம். நிலவொளியைப் பிரதிபலிக்கத்தான் இந்த அமைப்பு என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். மணலைத் தொடக் கூடாது.

அடுத்து குளத்தைச் சுற்றிப் பாசித் தோட்டம். நம்ம ஊரில் பாசி பிடித்தால் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்போம். இங்கே அதை வகைவகையாகப் பிரித்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சிலவற்றுக்கு 'மிக முக்கியமான பாசி, விஐபி மாதிரி' என்று போர்டு வேறு!

அங்கிருந்து கற்படிகள் மலைச்சரிவில் ஏறும். பலர் மண்டபத்தை போட்டோ எடுத்ததும் கிளம்பப் பார்க்கிறார்கள். அது தப்பு. மேலே போனால் கோயிலும் அதன் பின்னால் கியோட்டோ நகரமும் ஒரே பார்வையில் தெரியும். ஏற்றம் சில நிமிடங்கள்தான். ஆனால் முட்டிவலி உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் கீழ்த்தோட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெளியே வந்ததும் எங்கே?

கோயிலுக்கு அருகிலேயே தொடங்குகிறது தத்துவப் பாதை. கால்வாய் ஓரமாகச் சுமார் 2 கி.மீ. கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ யோசித்தபடி இங்கே நடப்பாராம், அதனால் இந்தப் பெயர். தலைநகரம் டோக்கியோவுக்குப் போனதும் களையிழந்த கியோட்டோவைத் தூக்கி நிறுத்த, பிவா ஏரியிலிருந்து வெட்டி 1890இல் முடித்த கால்வாயின் கிளை இது. கரையில் வரிசையாகச் செர்ரி மரங்கள். அருகில் வாழ்ந்த ஓவியர் ஹஷிமோட்டோ கான்செட்சுவின் குடும்பம் கொடுத்த கன்றுகளில் தொடங்கியவை.

வேகமாக நடந்தால் அரை மணி நேரம். ஆனால் கொஞ்சம் விலகி ஹோனென்-இன் கோயிலுக்குப் போங்க. கூரை வேய்ந்த வாசல், அதற்குள் இருபுறமும் மணல் மேடுகள், கூட்டமும் குறைவு. கால்வாயை ஒட்டி வீடுகள் இருப்பதால் சத்தம் போடாமல் நடப்பது மரியாதை.

எப்போது போகலாம்?

ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரிப் பூ, நவம்பர் பின்பாதியில் சிவந்த இலை. இரண்டு சமயமும் கூட்டம் தள்ளும். பாசியைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் மழைக்காலம்தான் சரி, குடை மட்டும் மறக்காதீங்க. அந்த மாதத்து இரவுகளில் கால்வாய் ஓரம் மின்மினியும் பறக்கும்.

மார்ச் முதல் நவம்பர் வரை காலை 8.30 முதல் மாலை 5 மணி வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 9 முதல் 4.30 வரையும் கோயில் திறந்திருக்கும். பேருந்து நிறுத்தத்திலிருந்து 10 நிமிட நடை, கடைசியில் மேடு. டூரிஸ்ட் குழுக்கள் வந்து இறங்குவதற்குள், திறக்கும் நேரத்துக்கே வாசலில் நின்றுவிடுங்க.