வாயில் வராத எழுத்து ஏட்டில் ஏன்?



உங்களில் பலர் இப்போது பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். கடனுக்கு ஆங்கிலத்தில் 'டெட்' என்கிறோம். எழுதும்போது மட்டும் நடுவில் ஒரு 'பி' எதற்கு என்று பிள்ளை கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் 'பி' கிடையாது. பிறகு லத்தீன் கற்ற அறிஞர்கள் அதன் மூலச்சொல்லில் 'பி' இருப்பதைக் கண்டு, இங்கும் செருகிவிட்டார்கள். பாஸ்புக்கில் வரும் 'டெபிட்' அதே வேர்தான். அதில் 'பி' ஒலிக்கிறது பாருங்கள். 'டவுட்' என்ற சொல்லில் 'பி' நுழைந்ததும் இப்படித்தான்.

தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' இன்னும் வேடிக்கை. அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீனிலிருந்து வந்ததல்ல. அதே பொருளுள்ள 'ஐல்' லத்தீன் வழி வந்தது, அதில் 'எஸ்' உண்டு. இரண்டும் ஒரே குடும்பம் என்று தவறாக எண்ணி 16-ஆம் நூற்றாண்டில் இதிலும் 'எஸ்' சேர்த்தார்கள். படித்தவர்கள் செய்த பிழை இன்று விதியாகிவிட்டது!

குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்' வேறு கதை. அதன் முதலெழுத்தான 'கே'யை ஒரு காலத்தில் உச்சரித்தார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். அதன் பின் அச்சில் எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்றது. பேச்சு மாறிக்கொண்டே போனது. வாயிலிருந்து 'கே' போய்விட்டது, ஏட்டில் தங்கிவிட்டது.

1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இங்கிலாந்தின் எழுத்துமுறையை உறுதியாக்கியது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர், 1828-இல் வெளியிட்ட பெரிய அகராதியில் 'கலர்' சொல்லில் 'யூ'வை நீக்கியே எழுதினார். நம் பள்ளியில் படித்தபடி 'யூ' போட்டு எழுதினால் கணினி சிவப்புக் கோடு இடுகிறதா? அது அமெரிக்க முறையில் வைக்கப்பட்டிருக்கும். இரண்டுமே சரிதான், ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள், போதும்.

'பி'யை விட்டு எழுதும் பிள்ளை மக்கு அல்ல. காதால் கேட்டதை எழுதுகிறது. தேர்வில் மதிப்பெண் போகும், ஆகவே திருத்தத்தான் வேண்டும். தலையில் குட்டாமல், இந்தக் கதையைச் சொல்லித் திருத்துங்கள். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்ற எண்ணம் சின்ன வயதில் மனதில் விழுந்துவிட்டால், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.