கலைந்து போ! – 7: ஷெரீஃபின் தொப்பி

1786 நவம்பர் 21. மாசசூசெட்ஸ் மாநிலம், வூஸ்டர் நகரம். நீதிமன்றத்தை மறித்துத் துப்பாக்கியோடு நின்றார்கள் உழவர்கள். கோர்ட் கூடினால் கடன் வழக்கு வரும். வழக்கு வந்தால் மாடும் நிலமும் ஏலத்துக்குப் போகும். ஆகவே, கோர்ட்டே கூடக் கூடாது! பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டுத் திரும்பியவர்கள் அவர்களில் பலர். கிளர்ச்சிக்காரர் என்பதற்கு அடையாளம், தொப்பியில் செருகிய பச்சை மரக்கிளை.

ஷெரீஃப் வில்லியம் கிரீன்லீஃப் முன்னே வந்தார். கையில் கலகத் தடைச் சட்டம். பாஸ்டனில் அது நிறைவேறி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆயுதத்தோடு 12 பேர், அல்லது வெறுங்கையோடு 30 பேர் கூடினால் அதிகாரி இதைப் படித்துக்காட்டுவார். ஒரு மணி நேரத்தில் கலைய வேண்டும். மறுத்தால் நிலமும் உடைமையும் பறிமுதல், 39 கசையடி, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. உள்ளே இருக்கும் காலத்திலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி 39 அடி. கலைக்கும்போது யாராவது செத்தால் அதிகாரிமேல் குற்றமில்லை. நிலம் போய்விடுமே என்று திரண்டவனிடம் நிலத்தையே பிடுங்கும் சட்டம்!

12 பேர், ஒரு மணி நேரம் என்ற கணக்கு பிரிட்டன் 1715இல் கொண்டுவந்த சட்டத்தில் இருந்தது. அங்கே தண்டனை தூக்கு. இங்கே சட்டத்தை வரையத் துணைநின்றவர் யார் தெரியுமா? 1773இல் தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுந்த அன்று, பாஸ்டனில் மக்களைத் திரட்டிவைத்திருந்த அதே சாமுவேல் ஆடம்ஸ்! மன்னனை எதிர்ப்பவனை மன்னிக்கலாம், குடியரசை எதிர்ப்பவன் சாக வேண்டியவன் என்பது இப்போது அவர் கட்சி. கூட்டம் அவருடையதாக இருந்தவரை அது இனித்தது போலும்.

வூஸ்டரில் யாரும் அசையவில்லை. ஷெரீஃபே பெரிய தொல்லை, தூக்குப் போட அவர் வாங்கும் கட்டணம் அதற்கடுத்த தொல்லை என்றார் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவர். கிரீன்லீஃபுக்குச் சுருக்கென்றது. கட்டணம்தானே குறை, உங்கள் எல்லாரையும் இலவசமாகவே தூக்கில் போடுகிறேன், பரம சந்தோஷத்தோடு என்றார்!

அவர் திரும்பி நடந்தபோது தொப்பியில் ஒரு பச்சைக் கிளை. யார் செருகியதோ!

பாஸ்டனில் ஆளுநர் பௌடின் சிரிக்கவில்லை. விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரம் கைக்கு வந்துவிட்டது. நவம்பர் 30, பனி கொட்டுகிறது. கைது ஆணையோடு குதிரைப்படை குரோட்டனில் நுழைகிறது. தேடுவது ஜாப் ஷாட்டக் என்ற பழைய போர்வீரரை. வீட்டைச் சுற்றி வளைக்கிறார்கள். உள்ளே ஆளில்லை...

(தொடரும்)