துண்டும் சொல்லும்: சப்பிரகமுவத் தோட்டங்களில் பிணைப்பின் மொழி

ஒருவரை அடக்கி வைத்திருப்பதற்குக் கைவலிமை மாத்திரம் போதுவதன்று. அடக்கப்படுபவர் தமது நிலையைத் தாமே நியாயமென ஏற்கச் செய்யும் பேச்சும் அதற்கு வேண்டப்படுகின்றது. அன்பு, உறவு, நன்றி ஆகிய உயர்ந்த சொற்களே அப்பேச்சின் கருவிகளாதலால் அதனை இனங்காணுதல் எளிதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களின் வரலாறு இதனை விளக்கத் தக்க சான்றாகும்.

தேயிலைக்கும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து றப்பருக்கும் வேண்டிய தொழிலாளர் தமிழகத்திலிருந்து கங்காணிமார் வாயிலாகத் திரட்டப்பட்டனர். கங்காணி பெரும்பாலும் தன் ஊராரையும் உறவினரையுமே அழைத்து வந்தான். வழிச்செலவுக்கென அவன் கொடுத்த முற்பணம் அவர்கள் பெயரில் கடனாயிற்று. சட்டப்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துத் தொழிலாளி விலகலாம் என்றிருந்தும், நடைமுறையில் கடன் அவ்வுரிமையைப் பறித்தது. தோட்டம் மாறுவதற்குத் 'துண்டு' வேண்டியிருந்தது. இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவ்வாட்கள் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டாகும். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடனோ அழியாமல் தொழிலாளியுடன் புதிய தோட்டத்துக்குச் செல்லும். துண்டின்றி வெளியேறியவன் 'ஓடிப்போனவன்' எனப்பட்டுத் தண்டனைக்கும் உள்ளாகலாம்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. எண்ணிக்கையில் மிகுந்த மக்களை ஒரு சிறு தாள் எங்ஙனம் கட்டிவைத்தது? தாளுக்குத் துணையாகச் சொல் நின்றது என்பதே விடை. கங்காணி வெறும் மேற்பார்வையாளன் அல்லன். அவன் மாமன், சிற்றப்பன், ஊர்ப்பெரியவன். துரையோ தாய்தகப்பன் நிலையில் வைத்துப் பேசப்பட்டான். ஆகவே கூலியைக் கேட்பது உரிமை கோருதல் ஆகாமல் உறவை அவமதித்தல் ஆயிற்று. விலக நினைப்பது நன்றிகெட்டதனம் ஆயிற்று. பஞ்சத்திலிருந்து காத்துக் கரைசேர்த்தவன் என்ற பெருமை ஓயாது நினைவூட்டப்பட்டது. ஆயின் கடன் எவ்வளவு, எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு எழுத்தறியாத தொழிலாளிக்குக் காட்டப்படுவது அரிது. உபகாரம் நாள்தோறும் சொல்லப்பட, கணக்கு மட்டும் மறைந்திருந்தது. இம்மொழியின் முதல் அடையாளம் இதுவே.

வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. நோயுற்றவனை லயத்தில் வந்து பார்க்கும் பரிவுக்கும் மறுநாட் காலைப் பெரட்டில் எண்ணப்படும் தலைகளுக்கும் தொடர்பிருந்தது. கங்காணிமார் யாவரும் வஞ்சகர் எனக் கூறுவது நீதியன்று. தம் மக்களுக்கு மெய்யாகவே துணைநின்றவரும் இருந்திருப்பர். எனினும், பரிவு காட்டுபவனுக்கே பரிவினால் ஆதாயம் கிடைக்கும் ஓர் அமைப்பில், மெய்யன்பையும் பொய்யன்பையும் தொழிலாளி பிரித்தறிதல் இயலாததாயிற்று.

இரண்டாம் அடையாளம் தனிமைப்படுத்தல். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. வெளியார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குட் சென்று நிலைமையை அறிந்தார் என்பது இதனைப் புலப்படுத்தும். வேறொரு குரலைக் கேளாதவன் தான் கேட்கும் ஒரே குரலை உண்மையென நம்புவான். தொழிலாளிக்கு அந்த வேறு குரலாகவே நடேசய்யரின் இதழ்களும், மீனாட்சி அம்மாளின் பாடல்களும், 1931இல் தோன்றிய அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனமும் அமைந்தன.

துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அதனுடன் பேச்சும் ஒழிந்துவிடவில்லை. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கையேற்றபோது, அங்கு உழைத்து வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டன. அது பெரும் வேலைநிறுத்தத்துக்குக் காரணமாயிற்று. தன் வீடு என ஒருவன் நம்பியிருந்த லயம், பிறர் விரும்பும் வரையில் அளிக்கப்பட்ட சலுகையே என்பது அன்று வெளிப்பட்டது.

வெளியே பயின்ற மொழி வீட்டுக்குள்ளும் புகுதல் இயல்பு. மனைவியின் கூலியைக் கணவனே பெற்றுக்கொள்வது பல தோட்டங்களில் நெடுங்காலம் வழக்காயிருந்தது. பெண்களின் கூலி சட்டப்படியே ஆண்களினதிலும் குறைவாயிருந்து, 1984இலேயே சமமாக்கப்பட்டது. கொழுந்து பறித்தும் பால்வெட்டியும் உழைத்தவள், தன் கூலியின் கணக்கைக் கேட்டால் குடும்பத்தை மதியாதவள் எனப்பட்டாள். தாய்வீட்டாரிடம் முறையிட்டால் வீட்டைத் தெருவுக்குக் கொணர்ந்தவள் எனப்பட்டாள். அடியின் மறுநாள் இனிய சொல்லும், இனிய சொல்லின் மறுநாள் ஏச்சும் வரும்போது, குற்றம் தன்னுடையதோ என அவளே ஐயுறத் தொடங்கினாள். கங்காணிக்கும் தொழிலாளிக்கும் இடையில் நிகழ்ந்ததே இங்குக் கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் சிறிய அளவில் நிகழ்ந்தது. ஒடுக்கப்பட்டவனே ஒடுக்கும் மொழியைக் கற்றுக்கொண்டமை இவ்வரலாற்றின் துயரமான பகுதியாகும்.

இத்தகைய துன்பத்துக்கு நெடுங்காலம் சட்டத்திற் பெயரிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடற்றுன்பத்தோடு, தொடர்ந்து இழைக்கப்படும் கடுமையான இழிவுபடுத்தும் நடத்தையையும் உளத்துன்பமாக வகுத்து, நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோர வழிசெய்தது. தழும்பு தோன்றாத காயமும் காயமே எனச் சட்டம் ஒப்புக்கொண்டமை பெரிய மாற்றமாகும். ஆனால் சட்டத்தை நாடுவதற்கு முன்னர், தனக்கு நிகழ்வது இன்னதென்று பாதிக்கப்பட்டவர் அறிதல் வேண்டும்.

அவ்வறிவைத் தோட்ட வரலாறு மூன்று வினாக்களாகத் தருகின்றது. நன்றியைக் கேட்பவர் கணக்கைக் காட்டுகின்றாரா? அன்பு செய்பவர் பிறருடன் பேச இடந்தருகின்றாரா? உறவு கொண்டாடுபவர் விலகிச் செல்லும் உரிமையை மதிக்கின்றாரா? மெய்யான அன்பு இம்மூன்றுக்கும் அஞ்சுவதில்லை. அஞ்சுமாயின், எவ்வளவு இனிய சொல்லால் எழுதப்பட்டிருப்பினும் அது துண்டேயாகும்.