சிறார் மேடையும் மேடைத்தமிழும்

சொற்பொழிவு தமிழரின் தொன்மையான கலை என நாம் பொதுவாகக் கருதுகிறோம். புலவர் அவையில் நூல் அரங்கேற்றுவதும், கோயிலில் புராணம் படித்துப் பொருள் கூறுவதும் நெடுங்காலமாக இருந்து வந்தவையே. ஆயினும், பலதரப்பட்ட மக்கள் முன் ஒருவர் நின்று, தம் கருத்தை உரைநடையில் தொடர்ந்து எடுத்துரைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. கிறித்தவப் போதகர்களின் பிரசங்க முறையை அருகிருந்து அறிந்த ஆறுமுக நாவலர், 1847இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த நூற்றாண்டில் திராவிட இயக்கம் அம்மேடையைப் பொதுமக்களின் அரங்காக வளர்த்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது, அந்த மேடைத்தமிழ் இங்குள்ள தமிழர்களின் செவிகளையும் எட்டியது.

அக்காலத்து மலாயாவில் தமிழ்ச் சிறார் பலர் பயின்றவை தோட்டப் பள்ளிகளே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. எனினும், அப்பள்ளிகளின் கல்வி பெரும்பாலும் எழுத்தோடும் எண்ணோடும் நின்றது. அவையில் பேசும் பயிற்சி வகுப்பறைக்கு வெளியேதான் வளர்ந்தது.

அதற்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவர் கோ. சாரங்கபாணி. 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய அவர், 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி, சமய வேறுபாடின்றித் தமிழரை ஒன்றுகூட்டினார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவிய அவ்விழாவில் பேச்சுப்போட்டி இன்றியமையா இடம் பெற்றது. அவ்விதழின் வழி உருவான மாணவர் மணிமன்றம் இளையோரை எழுதவும் கூடிப் பேசவும் தூண்டியது. போட்டி ஆண்டுக்கு ஒரு நாள் நிகழ்வது. மன்றமோ மீண்டும் மீண்டும் கூடுவது. பேச்சுப் பயிற்சிக்கு இவ்வேறுபாடே அடிப்படை என்பது நம் கருத்து. அமெரிக்காவில் 1924இல் ரால்ப் சுமெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றமும் இதே நெறியில் அமைந்தது: சிறு கூட்டம், முறைவைத்துப் பேசுதல், கேட்டவர் குறைநிறை கூறுதல்.

இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் கேட்டலும் பேச்சும் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற திறன்கள். போட்டிகளுக்கும் குறைவில்லை. ஆனால் பெரியவர் எழுதித் தந்த உரையை மனனம் செய்து ஒப்புவிக்கும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. இடையில் ஒரு சொல் மறந்தால் பிள்ளை திகைத்து நிற்பதற்குக் காரணம் அச்சம் மட்டுமன்று; அந்தச் சொல் பிள்ளையின் சொல்லே அன்று.

தமிழ் இரட்டை வழக்கு மொழி. வீட்டில் 'வந்துட்டாங்க' எனப் பேசும் பத்து வயதுப் பிள்ளை, மேடையில் 'வந்துவிட்டார்கள்' என்கிறது. எழுத்துத் தமிழ் எவருக்கும் பிறவியிலேயே வாய்ப்பதன்று. கற்றே பெற வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைக்கோ மலாயும் ஆங்கிலமும் உடன் சேர்கின்றன. ஆகவே, ஆசிரியர் மூன்று படிகளைக் கையாளலாம். முதலில், பிள்ளை தான் கண்ட ஒன்றை வீட்டுத் தமிழிலேயே சொல்லட்டும். அடுத்து, அதே செய்தியை ஆசிரியரோடு சேர்ந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும். இறுதியாக, மூன்று குறிப்புச் சொற்களை மட்டும் கையில் கொண்டு வகுப்பின் முன் பேசட்டும். தோழர்கள் ஒரு வினா கேட்கட்டும்.

அவ்வினாவுக்கு அளிக்கும் விடையே உண்மையான தேர்வு. பரிசு பெற்ற பிள்ளை, மேடையை விட்டு இறங்கியதும் அதே தமிழில் ஒரு வினாவுக்கு விடைகூற இயலாதாயின், மேடைத்தமிழ் விழாநாள் உடையாகச் சுருங்கிவிடும். வாரம் ஒருமுறை, ஒரு பாடவேளையை மன்றமாக ஆக்கும் பள்ளி, அந்நிலையைத் தவிர்க்க முடியும்.