நடுநிலைமையின் கடலெல்லை

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி இந்தியா ஒரே நாளில் யுத்தத்திற்குள் புகுந்தது. வைசிராய் லின்லித்கோ பிரபு ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மத்திய சட்டசபையையோ மாகாண மந்திரிகளையோ அவர் கலந்துகொள்ளவில்லை. அதன் பயனாகக் காங்கிரஸ் மந்திரி சபைகள் அவ்வாண்டு முடிவதற்குள் பதவி துறந்ததை நேயர்கள் அறிவார்கள். அதே மாதம் 5-ஆம் தேதி, உலகின் மறு கோடியில் வேறோர் அறிவிப்பு வெளியாயிற்று. இப்போரில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் நடுநிலைமை வகிக்கும் என்று ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிரகடனம் செய்தார். நம்மைப் போரில் இழுத்துவிட ஒரு தாள் போதுமானதாக இருந்தது. அமெரிக்காவோ இரண்டேகால் ஆண்டுக் காலம், அடிமேல் அடி வைத்து, பெரும்பாலும் கடல் வழியாகவே போரினுள் நுழைந்தது. எந்த நாளில் அது நடுநிலை நாடாக இல்லாமற் போயிற்று என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று.

நடுநிலைமை என்பது அமெரிக்கருக்கு வெறும் வார்த்தையாக இருக்கவில்லை. 1917-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தங்கள் கப்பல்களை மூழ்கடித்ததன் விளைவாகவே முதல் உலக யுத்தத்தில் சேர நேர்ந்தது என்ற கசப்பு அவர்களுக்கு இருந்தது. அது மீண்டும் நேராதிருக்க, 1935 முதல் 1937 வரை காங்கிரஸ், அதாவது அந்நாட்டின் சட்டமன்றம், அடுத்தடுத்து நடுநிலைமைச் சட்டங்களை இயற்றியது. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கலாகாது என்றிருந்த தடை 1939 நவம்பரில் தளர்ந்தது. ரொக்கம் கொடுத்து வாங்கித் தம் சொந்தக் கப்பலில் ஏற்றிச் செல்வோருக்கு ஆயுதம் விற்கலாம் என்றாயிற்று. கடல் ஆதிக்கம் பிரிட்டனிடம் இருந்தமையால், இச்சலுகை யாருக்குப் பயன்படும் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அமெரிக்கக் கப்பல்கள் போர்ப் பிரதேசத்துக்குள் செல்லலாகாது என்ற விதி உறுதியாகவே நின்றது.

அதே 1939-இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் பனாமாவில் கூடி, தங்கள் கரையைச் சுற்றிப் பல நூறு மைல் அகலத்துக்கு ஒரு பாதுகாப்பு வளையம் வரைந்தன. அதனைக் கண்காணிக்க அமெரிக்கக் கடற்படை ரோந்து புறப்பட்டது. ரோந்துக்கப்பல்களுக்கு இடப்பட்ட வேலை பார்ப்பதும் தெரிவிப்பதுமே. ஆனால் தெரிவிப்பது எப்படி என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. மெக்ஸிகோவின் வேராகுரூஸ் துறைமுகத்திலிருந்து தாயகம் திரும்ப முயன்ற 'கொலம்பஸ்' என்ற ஜெர்மன் பயணிக் கப்பலை, அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் ஒன்று மாற்றி ஒன்றாகப் பின்தொடர்ந்தன. அது இருக்குமிடத்தைச் சங்கேத மொழியின்றி, யாவரும் கேட்கும்படி கம்பியில்லாத் தந்தியில் அறிவித்துக்கொண்டே சென்றன. அச்செய்தி பிரிட்டிஷார் காதிலும் விழுந்தது. 'ஹைபீரியன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து சேர்ந்ததும், டிசம்பர் 19-ஆம் தேதி ஜெர்மன் மாலுமிகள் தங்கள் கப்பலைத் தாமே எரித்து மூழ்கடித்தனர். கடலில் தத்தளித்த ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரை 'டஸ்கலூஸா' என்ற அமெரிக்கக் குரூஸர் காப்பாற்றியது. அமெரிக்கா ஒரு குண்டும் சுடவில்லை. காட்டிக் கொடுத்தது, அவ்வளவே.

1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தது. பிரிட்டன் தனித்து நின்றது. நார்வே முதல் பிரான்சு வரையுள்ள கரை முழுவதும் ஜெர்மன் வசமாயிற்று. சர்ச்சில் அவசரமாகக் கேட்டவை நாசகாரிக் கப்பல்கள். அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி முடிவான உடன்படிக்கையின்படி, முதல் யுத்த காலப் பழங்கப்பல்கள் ஐம்பதை ரூஸ்வெல்ட் கொடுத்தார். அதற்கு ஈடாக பஹாமாஸ், ஜமைக்கா, டிரினிடாட், பிரிட்டிஷ் கயானா முதலிய இடங்களில் கடற்படைத் தளங்கள் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தன. நியூபவுண்டுலந்து, பெர்முடா ஆகியவற்றில் தளங்கள் அன்பளிப்பாகவே தரப்பட்டன. நடுநிலை நாடு எதுவும் போரிடும் நாட்டுக்குப் போர்க்கப்பல் கொடுக்கலாகாது என்று 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை தெளிவாகவே கூறுகிறது. அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஜாக்ஸன், ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு இது உட்பட்டதே என்று சட்ட அபிப்பிராயம் எழுதினார். சட்ட நுணுக்கம் எதுவாயினும், அன்று முதல் அமெரிக்கா பழைய பொருளில் நடுநிலை நாடு அன்று என்பது என் கருத்து.

அடுத்த மாதம் தேர்தல் பிரசாரத்தில், பாஸ்டன் நகரில் ரூஸ்வெல்ட் தாய்மாருக்கும் தந்தையருக்கும் ஒரு வாக்குக் கொடுத்தார். உங்கள் பிள்ளைகள் அந்நிய யுத்தம் எதற்கும் அனுப்பப்படமாட்டார்கள் என்பதே அது. தேர்தலில் வென்ற பின், 1941 மார்ச் 11-ஆம் தேதி கடன்-குத்தகைச் சட்டம் கையெழுத்தாயிற்று. ரொக்கம் தீர்ந்துபோன பிரிட்டனுக்கு இனி விலையின்றியே பொருள் செல்லும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் செய்து தரும் பொருள் நடுக்கடலில் மூழ்குமானால் கொடுத்தும் என்ன பயன்? சரக்குக் கப்பல்களுக்கு வழித்துணையாக அமெரிக்கப் போர்க்கப்பல்கள் செல்லவேண்டும் என்பதே அதன் நேரிய முடிவு. ஆனால் வழித்துணை சென்றால் சண்டை. சண்டை என்றால் யுத்தம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோருக்கு இந்தச் சொற்களின் கதை சுவையானது. 'வழித்துணை' என்ற சொல்லை ஜனாதிபதி வாயால் மொழியவில்லை. 'ரோந்து' என்ற பழஞ்சொல்லையே பிடித்துக்கொண்டார். 1941 ஏப்ரலில் நிருபர்கள் விடாமல் வினவியபோது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பசுவுக்கும் குதிரைக்கும் உள்ள வேறுபாடு போன்றது. பசுவை ஒருவர் குதிரை என்று அழைத்துவிட்டால் அது குதிரையாகிவிடாது என்று வேடிக்கையாகப் பதில் சொன்னார். உண்மையில் நடந்தது நேர்மாறு. பெயர் மாறாமல் இருந்தது. தொழுவத்தில் நின்ற பிராணிதான் மாறிக்கொண்டே வந்தது.

ரோந்தின் எல்லையும் அவ்வாறே வளர்ந்தது. 1941 ஏப்ரலில் மேற்குத் தீர்க்கரேகை 26 பாகை வரை மேற்கு அரைக்கோளம் என்று அட்லாண்டிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் எர்னஸ்ட் கிங் வகுத்தார். அதாவது, பாதி மாகடல் அமெரிக்காவின் முன்வாசலாயிற்று. கிரீன்லாந்தும் அதில் அடங்கிவிட்டது. ஐஸ்லாந்துத் தீவு அக்கோட்டுக்கு அப்பால், கிழக்கே உள்ளது. ஜூலை 7-ஆம் தேதி, ஐஸ்லாந்து அரசாங்கத்தின் இணக்கத்தைப் பெற்று, அங்கே முன்பே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் துருப்புகளின் அருகில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் சென்று இறங்கினார்கள். பூகோளம் நகரவில்லை, கோடு மட்டும் வளைந்து அத்தீவையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

இதற்கிடையில் முதல் குண்டும் வெடித்துவிட்டது. ஏப்ரல் 10-ஆம் தேதி, ஐஸ்லாந்துக்கு அருகே டச்சுக் கப்பலொன்றிலிருந்து தப்பியவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த 'நிப்லாக்' என்ற நாசகாரி, நீர்மூழ்கி நெருங்குவதாகத் தன் கருவியில் ஒலி கேட்டு, நீருக்குள் வெடிக்கும் குண்டுகளை வீசியது. அங்கே நீர்மூழ்கி உண்மையில் இருந்ததா என்பதே ஐயத்துக்குரியது. மே மாதம் 26-ஆம் தேதி, பிரிட்டிஷார் தேடித் திரிந்த 'பிஸ்மார்க்' என்ற மாபெரும் ஜெர்மன் போர்க்கப்பலை மீண்டும் கண்டுபிடித்த பிரிட்டிஷ் விமானத்தில், லியோனார்டு ஸ்மித் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி துணை விமானியாக இருந்தார். மறுநாள் அக்கப்பல் மூழ்கியது. ஸ்மித் அங்கிருந்த செய்தியை அன்று உலகுக்குச் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் ஜெர்மனி ஏன் வாளாவிருந்தது என்று நேயர்கள் கேட்கலாம். ஹிட்லரின் கண் அப்போது கிழக்கே இருந்தது. ஜூன் 22-ஆம் தேதி சோவியத் நாட்டின்மீது படையெடுத்த அவர், அது முடியும் வரை அமெரிக்காவுடன் சச்சரவு வேண்டாம் என்று தம் கடற்படைக்குக் கண்டிப்பாக உத்தரவிட்டிருந்தார். ஆகவே இக்கட்டத்தில் அட்லாண்டிக்கில் மோதலை நாடியவர் ரூஸ்வெல்ட். தவிர்க்க முயன்றவர் ஹிட்லர். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் இது உண்மை. அமெரிக்க மக்களோ இரண்டு மனமாக நின்றனர். ஆகஸ்டில் நியூபவுண்டுலந்துக் கரையோரம் போர்க்கப்பல்களில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் சந்தித்துப் பேசி முடித்த அதே 12-ஆம் தேதி, கட்டாய ராணுவ சேவையை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று ஒரே ஒரு வாக்கில் பிழைத்தது.

செப்டம்பர் 4-ஆம் தேதி நடந்த 'கிரீர்' நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தபாலும் பயணிகளும் ஏற்றிக்கொண்டு ஐஸ்லாந்துக்குச் சென்ற நாசகாரி அது. சுமார் பத்து மைல் முன்னே ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று இருப்பதாக ஒரு பிரிட்டிஷ் விமானம் அதற்குச் சமிக்ஞை செய்தது. 'கிரீர்' விரைந்து சென்று நீர்மூழ்கியைத் தன் ஒலிக்கருவியால் பற்றிக்கொண்டு, விடாமல் தொடர்ந்தது. தொடர்ந்தவாறே அதன் இருப்பிடத்தை அறிவித்தது. தாக்குவீர்களா என்று விமானி கேட்டார். இல்லை என்றது 'கிரீர்'. விமானம் தன்னிடமிருந்த நான்கு குண்டுகளையும் வீசிவிட்டுத் திரும்பியது. நீருக்குள் பதுங்கியிருந்தவர்களுக்கு, அக்குண்டுகள் மேலே பறந்த விமானத்திலிருந்து விழுந்தனவா, பின்னே வந்த கப்பலிலிருந்து விழுந்தனவா என்று எப்படித் தெரியும்? மூன்று மணி நேரத்துக்கு மேல் துரத்தப்பட்ட பின் நீர்மூழ்கி ஒரு டார்பிடோவைச் செலுத்தியது. 'கிரீர்' பதிலுக்குக் குண்டு வீசியது. இரு தரப்பிலும் சேதமில்லை.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11-ஆம் தேதி, ரூஸ்வெல்ட் வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார். எச்சரிக்கையின்றி ஜெர்மன் நீர்மூழ்கியே முதலில் தாக்கியது என்றார். இது கடற்கொள்ளை என்றார். சீறும் பாம்பு கடிக்கும் வரை காத்திருக்கவேண்டியதில்லை என்றும், அமெரிக்கப் பாதுகாப்புக்கு உரிய கடலில் நுழையும் ஜெர்மன், இத்தாலியப் போர்க்கப்பல்கள் தம் பொறுப்பிலேயே நுழையட்டும் என்றும் கூறினார். கண்ட இடத்தில் சுடலாம் என்பதே இதன் பொருள். பிரிட்டிஷ் விமானத்தைப் பற்றியோ மூன்று மணி நேரத் துரத்தலைப் பற்றியோ அவர் மூச்சுவிடவில்லை. அந்த விவரங்கள், செனட்டின் கடற்படைக் குழுவுக்கு அட்மிரல் ஹெரால்டு ஸ்டார்க் அனுப்பிய அறிக்கை வாயிலாக அக்டோபரில்தான் வெளிவந்தன. அதற்குள் உத்தரவு நடைமுறைக்கு வந்து, அமெரிக்க நாசகாரிகள் வெளிப்படையாகவே கப்பல் அணிகளுக்கு வழித்துணை சென்றுகொண்டிருந்தன.

ஹிட்லரை வீழ்த்தவேண்டும் என்ற ரூஸ்வெல்ட்டின் நோக்கத்தை நான் குறைகூறேன். அந்நோக்கம் தோற்றிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக உள்ளது. ஆனால் தம் மக்களிடம் பாதி உண்மையைச் சொல்லி அவர் பெற்ற இசைவு முழு இசைவு ஆகாது. 1964-இல் டாங்கின் வளைகுடா நிகழ்ச்சியைக் காட்டி வியத்நாம் யுத்தத்துக்கு இசைவு பெறப்பட்டது. பிற்பாடு, நல்ல காரியத்துக்காக ரூஸ்வெல்ட் கையாண்ட மறைப்பு தீய காரியத்துக்கும் அதைக் கையாள வழி திறந்துவிட்டது என்ற கருத்தை செனட்டர் புல்பிரைட் வெளியிட்டார். அது புறக்கணிக்கத்தக்க கருத்தன்று.

விலையைக் கொடுத்தவர்கள் மாலுமிகள். அக்டோபர் 17-ஆம் தேதி, கப்பல் அணி ஒன்றைக் காக்கச் சென்ற 'கியர்னி' டார்பிடோவால் தாக்குண்டது. 11 பேர் மாண்டனர். கப்பல் எப்படியோ ஐஸ்லாந்து போய்ச் சேர்ந்தது. அக்டோபர் 31-ஆம் தேதி விடியற்காலையில் 'ரூபன் ஜேம்ஸ்' என்ற பழைய நாசகாரிக்கு அந்த நல்வினையும் வாய்க்கவில்லை. எரிக் டாப் என்பவரின் தலைமையிலிருந்த நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியதும் அதன் முன்பாதி வெடித்துச் சிதறியது. பின்பாதி சில நிமிஷங்களில் அமிழ்ந்தது. எண்ணெய் படிந்த குளிர்நீரிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 44 பேர். அவர்களுள் அதிகாரி ஒருவரும் இல்லை. சட்டப்படி அன்று அமெரிக்கா எந்த நாட்டோடும் போர் புரியவில்லை. இறந்தவர்கள் சமாதான காலத்தில் இறந்தவர்கள்.

அதன்பின்னும் காங்கிரஸ் போர்ப் பிரகடனம் செய்யவில்லை. நவம்பரில் நடுநிலைமைச் சட்டத்தின் எஞ்சிய முக்கிய விதிகளைத் திருத்தி, வர்த்தகக் கப்பல்களில் பீரங்கி பொருத்தவும் அவை போர்ப் பிரதேசத்துக்குள் செல்லவும் அனுமதித்தது. செனட்டில் 50-க்கு 37, பிரதிநிதிகள் சபையில் 212-க்கு 194. அத்தனை உயிர்ச் சேதத்துக்குப் பிறகும் இவ்வளவுதான் பெரும்பான்மை. அட்லாண்டிக்கில் கடற்படை ஏற்கனவே யுத்தத்தில் இருக்கிறது, நாடு அதை உணர்ந்ததாகத் தோன்றவில்லை என்று அதே மாதம் அட்மிரல் ஸ்டார்க் ஒரு கடிதத்தில் எழுதினார்.

முடிவு வேறு மாகடலிலிருந்து வந்தது. டிசம்பர் 7-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. மறுநாள் காங்கிரஸ் ஜப்பான்மீது மட்டுமே போர் தொடுத்தது. 11-ஆம் தேதி ஜெர்மனியே முந்திக்கொண்டு அமெரிக்காமீது போர் தொடுத்தது. அன்று கையளிக்கப்பட்ட ஜெர்மன் அறிக்கையில் காரணங்களாகச் சொல்லப்பட்டவை செப்டம்பர் 11-ஆம் தேதிப் பேச்சும், 'கிரீர்', 'கியர்னி', 'ரூபன் ஜேம்ஸ்' என்ற மூன்று கப்பல்களின் பெயர்களுமே. பொய்யுரையில் கைதேர்ந்த அந்த அரசாங்கத்துக்கு, இவ்விஷயத்தில் புதிதாக அதிகம் புனையவேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்த நாட்களில் இன்னொரு கப்பல் அணியும் கடலில் இருந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே, நவம்பர் 10-ஆம் தேதி, கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்திலிருந்து அது புறப்பட்டது. ஆறு அமெரிக்கத் துருப்புக் கப்பல்கள். காவலுக்கு அமெரிக்கப் போர்க்கப்பல்கள். உள்ளே இருந்தவர்களோ இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள். நடுநிலை நாட்டின் கொடியின் கீழ் அவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி கேப் டவுனில் கரை சேர்ந்தபோது அக்கொடி நடுநிலைக் கொடியாக இருக்கவில்லை. அங்கிருந்து பெரும் பகுதியினர் பம்பாய்க்கு வந்து, சில வாரங்கள் இந்திய மண்ணில் தங்கினார்கள். பின்னர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டு, 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி அந்நகரம் சரணடைந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள்.