இரண்டாம் பூட்டு வந்த கதை



சென்ற வாரம் என் மின்னஞ்சல் கணக்கிற்கு இரண்டாம் பூட்டு ஒன்று போட்டேன். கடவுச்சொல்லை இட்ட பின், கைப்பேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணையும் இடவேண்டும். 30 விநாடிக்கு ஒருமுறை அவ்வெண் மாறிவிடும்.

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1961 வாக்கில். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டனர். அவரவர் கோப்புகளைக் காக்கப் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் அதனைப் புகுத்தினர். 1962இலேயே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், கூடுதல் கணினி நேரம் வேண்டி, அனைவருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார்!

ஆகவே, மனத்தில் இருப்பதோடு கையில் இருப்பதும் தேவையாயிற்று. வங்கி இயந்திரத்தில் அட்டையும் இரகசிய எண்ணும் கேட்பது இம்முறையே.

சிங்கப்பூரில் 2003இல் சிங்பாஸ் தொடங்கியது. 2014இல் 1,560 கணக்குகளில் பிறர் நுழைந்திருக்கலாம் எனத் தெரியவந்தது. 2015 ஜூலையில் அதற்கும் இரண்டாம் பூட்டு வந்தது.

ஆனால், திறவுகோலை நாமே கொடுத்துவிட்டால் எப்பூட்டும் பயன்படாது. அண்மையில் வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறிய ஒருவரிடம், குறுஞ்செய்தியில் வந்த எண்ணைப் படித்துக்காட்ட என் அம்மா வாய் திறந்தார். நல்லவேளை, நான் அருகில் இருந்தேன்.

இன்றே உங்கள் கணக்கிற்கு இரண்டாம் பூட்டைப் போடுங்கள். கைப்பேசி தொலைந்தால் உதவும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது என வீட்டுப் பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துரையுங்கள்.