நியூட்டன் கையடக்கக் கணினியின் 'சூப்' தரவுச் சேமிப்பு

ஆப்பிள் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்ட நியூட்டன் மெசேஜ்பேட் என்னும் கையடக்கக் கணினியில், மேசைக் கணினியில் இருப்பதுபோன்ற கோப்புகளும் கோப்புறைகளும் பயனருக்கு இல்லை. குறிப்பு, முகவரி, சந்திப்பு நேரம் ஆகிய அனைத்தும் 'சூப்' எனப்பட்ட பொதுச் சேமிப்பிடத்தில் பொருள்களாக வைக்கப்பட்டன.

பின்னணி

முதல் மெசேஜ்பேடின் நினைவகம் 640 கிலோபைட் மட்டுமே, வன்தட்டு கிடையாது. இவ்வளவு சிறிய இடத்தில் ஒவ்வொரு செயலியும் தனக்கெனக் கோப்பு வைத்து, ஒரே முகவரியைப் பல இடங்களில் எழுதினால் இடம் வீணாகும். ஓரிடத்தில் திருத்தியது மற்றோரிடத்தில் பழையபடியே நிற்கும். இதைத் தவிர்க்கவே பொதுச் சேமிப்பு வகுக்கப்பட்டது.

அமைப்பு

சூப்பில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஒரு 'சட்டகம்'. அதில் பெயர், தொலைபேசி, ஊர் எனப் பெயரிட்ட அறைகள் இருக்கும். உப்பளத்தில் உள்ள கடைக்காரருக்கு இரண்டு தொலைபேசி எண்களும், அவருடைய நண்பருக்கு ஓர் எண்ணும் இருந்தாலும் இருவரும் ஒரே சூப்பில் இடம்பெறலாம். எல்லாப் பதிவுகளும் ஒரே அச்சில் இருக்கத் தேவையில்லை. வால்ட்டர் ஸ்மித் வடிவமைத்த நியூட்டன்ஸ்கிரிப்ட் மொழியும் இதே சட்டகங்களைக் கையாண்டதால், நிரலுக்கும் சேமிப்புக்கும் இடையே வடிவம் மாற்றும் வேலை குறைந்தது.

உள்நினைவகத்திலும் செருகிய அட்டையிலும் உள்ள ஒரே பெயருடைய சூப்புகள், 'ஒன்றிய சூப்' வழியாக ஒன்றாகவே தெரியும். அட்டையை எடுத்தால் அதிலுள்ள பதிவுகளும் பட்டியலிலிருந்து நீங்கும்.

பயனும் குறையும்

ஒருவருடன் மதிய உணவு என ஆங்கிலத்தில் எழுதி 'அசிஸ்ட்' பொத்தானைத் தொட்டால், கருவி அவர் பெயரை முகவரிச் சூப்பில் தேடி, நாட்காட்டியில் சந்திப்பைப் பதியும். தரவு ஒரு செயலியின் தனிச்சொத்தாக இல்லாததால்தான் இது இயன்றது.

ஆனால் மேசைக் கணினிகள் கோப்புகளையே அறிந்திருந்தன. சூப்பில் உள்ளதை அங்கு கொண்டுசெல்ல ஒவ்வொரு முறையும் வடிவமாற்றம் தேவைப்பட்டது. 1996இல் வந்த பாம் பைலட், மேசைக் கணினியுடன் ஒரே பொத்தானில் தரவை ஒத்திசைத்து வெற்றி பெற்றது. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் நியூட்டனைக் கைவிட்டது. தரவை வெளியே எடுத்து வைக்காதவர்களின் பதிவுகள் அந்தப் பழைய கருவிக்குள்ளேயே தங்கின.

இந்திய முயற்சி

பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் உருவாக்கிய சிம்ப்யூட்டரின் முன்மாதிரி 2001இல் வெளியிடப்பட்டது. லினக்ஸில் இயங்கிய இக்கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவருடைய தரவும் அவரவர் திறன் அட்டையில் இருக்கும். நியூட்டன் தரவைச் செயலியிடமிருந்து பிரித்தது. சிம்ப்யூட்டர் அதைக் கருவியிடமிருந்தே பிரிக்க முயன்றது.

இன்றைய திறன்பேசிகளில் ஒரே தொடர்புப் பட்டியலைப் பல செயலிகள், பயனரின் இசைவு பெற்று, பயன்படுத்துகின்றன. தரவு யாருக்கு உரியது, கருவி போனபின் அது எங்கே இருக்கும் என்னும் இரு கேள்விகளும் இன்றும் தொடர்கின்றன.